ஒரு டம்ளர் காபியின் வரவு செலவு

எடையைக் குறைப்பதற்காக மூன்று வாரமாக, வாயில் போட்டதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவந்தேன். இட்லி மூன்று, தேங்காய்ச் சட்னி இரண்டு ஸ்பூன், மதியம் ஒரு கப் சோறு, கீரை, ரசம், இரவு இரண்டு சப்பாத்தி. ஒருநாள் கடலைமிட்டாய் ஒன்று தின்றதைக்கூட மறைக்கவில்லை. கோவில்பட்டிக்காரன், அதை மறைத்தால் ஊர் பொறுக்காது. மூன்று வாரம் கழித்து ஏறிப் பார்த்தால் 91 கிலோ 90.8 ஆகியிருந்தது.

டயட்டீஷியன் பெண்ணுக்கு என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். நோட்டை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, "சார், நீங்க காபி, டீ எதுவும் குடிக்கிறதில்லையா?" என்று கேட்டார்.

"குடிப்பேன்மா. அது இல்லாம எப்படி?"

"ஒரு நாளைக்கு எத்தனை சார்?"

"அஞ்சு. வேலை ஜாஸ்தின்னா ஆறு."

"இதுல ஒண்ணுகூட எழுதலையே?"

ஏமாற்ற நினைத்தெல்லாம் இல்லை. தோன்றவே இல்லை. காபியை யாராவது சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பார்களா? "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால் "இன்னும் இல்ல, காபி மட்டும்தான்" என்றுதானே இத்தனை வருடமாகச் சொல்லி வருகிறோம்.

நான் மதுரையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறவன். அடுத்தவர் புத்தகத்தில் விட்டுப்போன பதிவைத் தேடிப் பிடிப்பதுதான் இருபது வருடமாகச் சோறு போடுகிறது. அன்று ராத்திரி என் புத்தகத்தில் விட்டுப்போனதை உட்கார்ந்து எழுதினேன்.

எங்கள் வீட்டு டம்ளருக்கு நூறு மில்லி பால், மீதி டிக்காஷன். பால் ஆவின் பச்சைப் பாக்கெட், கொழுப்பு 4.5 சதவீதம். நூறு மில்லிக்கு ஏறக்குறைய 72 கலோரி. சீனி இரண்டு ஸ்பூன், தலைதட்டிப் போட்டாலே பத்து கிராம், அது 40. ஆக டம்ளருக்கு 112. ஐந்து டம்ளருக்கு 560. எனக்குக் கொடுத்திருந்த உணவுத் திட்டம் நாளொன்றுக்கு 1,600 கலோரி. என் உயரம், வயது, நாற்காலியை விட்டு எழாத என் வேலை எல்லாம் சேர்த்தால் உடம்பு செலவழிப்பது உத்தேசமாக 2,200. இடையில் இருக்கும் 600தான் எடையைக் கீழே இழுக்க வேண்டிய பள்ளம். அந்தப் பள்ளத்தில் தினமும் 560 கலோரிக்குக் காபியை ஊற்றி ரொப்பியிருக்கிறேன். மிச்சம் நாற்பது. ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி என்று வைத்தால், 21 நாளில் நான் குறைத்தது நூறு கிராம் சொச்சம். மெஷின் காட்டிய இருநூறில் மீதி நூறு, இந்தத் தடவை பர்ஸை மேஜையில் வைத்துவிட்டு ஏறியதால் வந்ததாக இருக்கும்.

மறுநாளே பாலையும் சீனியையும் நிறுத்தினேன். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் பக்கம் பாலில்லாத காபிக்கு இரண்டே சந்தர்ப்பம்: காய்ச்சல், இல்லையென்றால் துக்க வீடு. "நல்ல நாளும் அதுவுமா வரக்காப்பி குடிக்கியேய்யா" என்றாள். அப்புறம் சமாதானமாக, "சீனிதான வேண்டாம்? கருப்பட்டி போட்டுத் தாரேன். அது உடம்புக்கு நல்லது." கருப்பட்டியில் வாசனை இருக்கிறது, ஊர் இருக்கிறது. கலோரியும் கிட்டத்தட்டச் சீனி அளவுக்கே இருக்கிறது. இதைச் சொல்லி அம்மாவிடம் ஜெயித்தவர் எங்கள் குடும்பத்தில் இல்லை.

இந்தச் சமயத்தில்தான் மச்சான் வாட்ஸப்பில் ஒரு வீடியோ அனுப்பினார். கறுப்புக் காபி கொழுப்பை எரிக்கும், காலையில் வெறும் வயிற்றில் குடித்தால் உடம்பு அடுப்பு மாதிரி எரியத் தொடங்கும் என்று ஒருவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். எனக்கு ஒரே குஷி. இத்தனை வருடம் குடித்ததற்கு இப்போதாவது பலன் கிடைக்கப்போகிறதே. ஆனால் தொழில் புத்தி விடவில்லை. எரிக்கும் சரி, எவ்வளவு?

தேடிப் பார்த்தால் அந்த எண் 1989இலேயே அச்சாகியிருக்கிறது. சும்மா உட்கார்ந்திருப்பவருக்குக் காபியின் ஊக்கப்பொருளான கஃபைனை நூறு மில்லிகிராம் கொடுத்தால், அடுத்த இரண்டரை மணி நேரத்துக்கு அவர் உடம்பு செலவழிக்கும் ஆற்றல் 3 முதல் 4 சதவீதம் கூடுகிறது. நம் ஃபில்டர் காபி ஒரு டம்ளரில் கிட்டத்தட்ட அந்த அளவு இருக்கும். ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 150 மில்லி வடிகட்டிய காபிக்கு 80 முதல் 120 மில்லிகிராம் என்று கணக்குச் சொல்கிறது, இன்ஸ்டன்ட் என்றால் 50 முதல் 65. பொடியில் பாதிக்குப் பாதி சிக்கரி என்ற வேர்ப்பொடி கலந்திருந்தால் இன்னும் குறையும், சிக்கரியில் கஃபைனே கிடையாது. கலவைப் பொடியில் 49 சதவீதம் வரை சிக்கரி கலக்கச் சட்டமே இடம் தருகிறது. நம்மில் பலர் "ஸ்ட்ராங்" என்று ரசிப்பது பாதி அந்த வேரின் நிறத்தைத்தான்.

சரி, கணக்குக்கு வருவோம். சும்மா கிடந்தால் என் உடம்பு நாளைக்கு 1,770 கலோரி போலச் செலவழிக்கும். இரண்டரை மணி நேரத்துக்கு 184. அதில் மூன்று, நான்கு சதவீதம் என்பது ஆறிலிருந்து ஏழு கலோரி. ஒன்றரை கிராம் சீனி. ஸ்பூனில் கால் பங்கைவிடக் கொஞ்சம் கூட. அதாவது பாலும் இரண்டு ஸ்பூன் சீனியும் போட்ட ஒரு டம்ளரில் வரவு 112, அந்தக் காபியால் ஏற்படும் கூடுதல் செலவு ஏழு. வரவு கூடினால் நஷ்டம் என்கிற விசித்திரமான பேரேடு இது.

வீடியோக்காரர் பொய் சொல்லவில்லை. எவ்வளவு என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்.

அதே ஆராய்ச்சியில் இன்னொரு பகுதியும் உண்டு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நூறு மில்லிகிராம் வீதம் ஆறு தடவை கொடுத்து, பன்னிரண்டு மணி நேரம் அளந்தார்கள். பிறவி ஒல்லிகளுக்கு 150 கலோரி கூடுதலாகச் செலவானது. முன்பு குண்டாக இருந்து இளைத்தவர்களுக்கு 79 மட்டும். யாருக்குத் தேவையில்லையோ அவர்களுக்குத்தான் இரட்டிப்பாகக் கொடுக்கிறது, வங்கிக் கடன் மாதிரி.

ஆனால் என்னை முழுதாக உட்கார வைத்தது டென்மார்க்கிலிருந்து வந்த கணக்கு. அங்கே ஹெல்சிங்ஊர் என்று ஒரு கடலோர ஊர், ஹாம்லெட் நாடகத்தின் கோட்டை இருக்கிற இடம். 1970களின் தொடக்கத்தில் அங்கிருந்த மருத்துவர் ஒருவர் ஆஸ்துமா நோயாளிகளுக்கு எபிட்ரின் என்ற ஆஸ்துமா மருந்தும் கஃபைனும் இன்னொரு மருந்தும் சேர்ந்த கலவையைக் கொடுத்துவந்தார். ஆஸ்துமாவுக்கு வந்தவர்கள் இளைத்துப்போவதைக் கவனித்தார். விஷயம் பரவி, ஊர்ப் பெயராலேயே அது எடை குறைப்பு மாத்திரையாகப் பிரபலமானது. இருபது வருடம் கழித்து டேனிஷ் ஆராய்ச்சியாளர்கள் ஒழுங்காக ஒரு பரிசோதனை செய்தார்கள். 180 பேர், 24 வாரம், எல்லோருக்கும் நாளைக்கு ஆயிரம் கலோரி உணவு. நான்கு குழு: எபிட்ரினும் கஃபைனும் சேர்ந்தது, எபிட்ரின் மட்டும், கஃபைன் மட்டும், ஒன்றுமில்லாத வெற்று மாத்திரை. கஃபைன் என்றால் சின்ன அளவு அல்ல, 200 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று வேளை. 1992இல் முடிவு வந்தது. இரண்டும் சேர்ந்த குழு சராசரி 16.6 கிலோ இறங்கியது. வெற்று மாத்திரைக் குழு 13.2 கிலோ. கஃபைன் மட்டும் எடுத்தவர்கள்? வெற்று மாத்திரைக்காரர்களைவிட ஒரு படி கூட முன்னால் போகவில்லை.

கலோரிக் கட்டுப்பாட்டோடு கஃபைனைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று இன்று இணையத்தில் கேட்கப்படும் கேள்விக்கு, முப்பது வருடத்துக்கு முன்பே ஆறு மாதம் செலவழித்துப் பதில் வாங்கியிருக்கிறார்கள். அந்த 13.2 கிலோவைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒன்றுமில்லாத மாத்திரை, வெறும் சாப்பாட்டுக் கட்டுப்பாடு, பதின்மூன்று கிலோ.

கூட்டணியில் வேலை செய்த எபிட்ரினின் கதை நல்லபடி முடியவில்லை. 2003 பிப்ரவரியில் அமெரிக்க பேஸ்பால் வீரர் ஸ்டீவ் பெக்லர், 23 வயது, ஃபுளோரிடாவில் பயிற்சியின்போது வெப்பத்தாக்கில் சுருண்டு விழுந்து இறந்தார். எடை குறைக்க அவர் எடுத்துவந்த எபிட்ராவுக்கும் (எபிட்ரின் இருக்கிற மூலிகை அது) அதில் பங்கு இருந்தது என்று பிரேதப் பரிசோதனை செய்தவர் சொன்னார். 2004இல் எபிட்ரா கலந்த சப்ளிமென்ட்களை அமெரிக்கா தடை செய்தது.

இதையெல்லாம் முதலிலேயே படித்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். படித்தது பிறகு. முதலில் நடந்தது வேறு.

செப்டம்பர் மாதம். ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை செய்கிறவர்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள், செப்டம்பர் என்றாலே முகம் மாறும். 30ஆம் தேதி வரித் தணிக்கை அறிக்கைக்குக் கடைசி நாள். ராத்திரி பதினொன்று வரை ஓடும். அந்த நேரத்தில் நான் சேர்ந்திருந்த ஜிம்மின் பயிற்சியாளர் ஒரு டப்பா கொடுத்தார். "அண்ணே, ஃபேட் பர்னர். டயட்டோட சேர்த்து எடுங்க, ஒரே மாசம்." ஒரு கேப்ஸ்யூலில் 200 மில்லிகிராம் கஃபைன், கூடக் கிரீன் டீ சாறு என்று போட்டிருந்தது. நாளைக்கு இரண்டு. கேப்ஸ்யூல் 400, அலுவலகக் காபி நான்கு, அது ஒரு 320. மொத்தம் 720. ஆரோக்கியமான பெரியவருக்கு நாளைக்கு 400 வரை பாதகமில்லை என்பது அமெரிக்க, ஐரோப்பிய அமைப்புகளின் கணக்கு. ஒரே மூச்சில் 200க்கு மேல் வேண்டாம் என்றும் ஐரோப்பியர்கள் சொல்கிறார்கள். நம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 300லேயே கோடு போடுகிறது. நான் எல்லாக் கோட்டையும் தாண்டி நின்றேன், அதுவும் அரை வயிற்றோடு.

நான்காம் நாள் இரவு ஒன்பதரைக்கு ஒரு பைனான்ஸ்காரர் லெட்ஜரைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போது நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. கை நடுங்கியது. உள்ளங்கை வேர்த்துக் காகிதத்தில் ஒட்டியது. பக்கத்து மேஜைத் தம்பி பைக்கில் வைத்துக் கூட்டிக்கொண்டு போனான். இசிஜி ஒழுங்காக இருந்தது. டப்பாவை வாங்கிப் பார்த்த டாக்டர், "காபி எத்தனை?" என்று மட்டும் கேட்டார். நான் சொன்னேன். இந்தத் தடவை எண்ணிச் சொன்னேன். டப்பாவை அவர் மேஜையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

பயந்துபோய் மறுநாள் காபியை மொத்தமாக நிறுத்தியது அடுத்த முட்டாள்தனம். மத்தியானத்துக்குள் நெற்றிப்பொட்டில் சுத்தியலால் அடிப்பதுபோலத் தலைவலி. டயட்டால் வருகிற பலவீனம் என்று நினைத்து, அன்றைக்கு ராத்திரி நான்கு பரோட்டா சாப்பிட்டேன், சால்னாவோடு. தலைவலிக்குக் காரணம் பசியே இல்லை. பழகிய உடம்புக்குக் கஃபைன் கிடைக்காவிட்டால் அரை நாளிலிருந்து ஒரு நாளுக்குள் தலைவலி தொடங்கும், சில நாள் நிற்கும். உணவுக் கட்டுப்பாடும் காபி நிறுத்தமும் ஒரே வாரத்தில் வேண்டாம் என்பது நான் சொந்தத் தலையில் கற்றது. வாரத்துக்கு ஒரு டம்ளர் வீதம் குறைத்தபோது ஒரு வலியும் இல்லை.

அப்படியென்றால் காபியால் ஒரு பிரயோஜனமும் இல்லையா? உண்டு, கொழுப்பெரிப்பில் இல்லை. குறைத்துச் சாப்பிடும் காலத்தில் மனிதனுக்கு ஒரு மந்தம் வரும், கவனித்திருப்பீர்கள். மாடிப்படி ஏறவே யோசனையாக இருக்கும். தெரியாமலே நாம் அசைவதைக் குறைத்துக்கொள்வோம். காலையில் ஒரு காபி குடித்துவிட்டு வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றப் போனால் மூன்று சுற்றில் நிறுத்துகிறவன் நான்கு போகிறேன். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். அந்த ஒரு சுற்றில் போகும் கலோரி, கஃபைன் தானாக எரிக்கும் ஏழைவிட எத்தனையோ மடங்கு. உடற்பயிற்சியில் கஃபைன் கைகொடுக்கும் என்பது விளையாட்டு உலகில் பழைய செய்தி. 2004 வரை அது ஊக்கமருந்துத் தடைப் பட்டியலிலேயே இருந்தது. சிங்கப்பூரில் 126 பேரை வைத்துச் செய்து 2020இல் வெளியான பரிசோதனையில், நாளைக்கு நான்கு கப் காபி, 24 வாரம் குடித்தவர்களுக்கு உடல் கொழுப்பு கொஞ்சம் குறைந்ததும் உண்மை. முக்கியமாக எதிர்பார்த்தது உடம்பு இன்சுலினுக்கு இன்னும் நன்றாகப் பணியும் என்பதை, அதில் மாற்றமில்லை. நன்மையே இல்லை என்று நான் சத்தியம் செய்யவில்லை.

என் சண்டை சாயங்காலக் காபியோடுதான்.

நாள் முழுக்க விழித்திருக்கும்போது மூளையில் அடினோசின் என்றொரு பொருள் சேர்ந்துகொண்டே வரும். அது போய் உட்காருவதற்கென்று இருக்கைகள் இருக்கின்றன. உட்கார உட்காரத் தூக்கம் வரும். கஃபைன் செய்வது பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடிக்கிற வேலை. அடினோசின் ஏறும், இடமில்லாமல் நிற்கும். களைப்பு எங்கும் போய்விடவில்லை, படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வருகிறது. துண்டை எடுக்க எவ்வளவு நேரமாகும்? குடித்ததில் பாதி வெளியேறவே சராசரி ஐந்து மணி நேரம். மாலை நான்கு மணி டம்ளரின் 80 மில்லிகிராமில் ஒன்பது மணிக்கு 40 உள்ளே இருக்கும், இரவு இரண்டுக்கும் 20 இருக்கும். நல்ல அளவு கஃபைனைப் படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்னால் கொடுத்தாலே ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் போகிறது என்று 2013இல் அளந்தே காட்டியிருக்கிறார்கள். அது 400 மில்லிகிராம், என் செப்டம்பர் மாத அளவைவிடக் குறைவு.

"நான் குடிச்சிட்டே படுப்பேன், உடனே தூக்கம் வந்துடும்" என்று பெருமையடிக்கிற கட்சியில் நானும் இருந்தவன்தான். ஒருநாள் மனைவி கேட்டாள்: "ராத்திரி மூணு மணிக்கு எந்திரிச்சு ஃபிரிட்ஜைத் திறக்கிறது யாருங்க?"

இதற்கும் எடைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், சிகாகோ பல்கலைக்கழகத்தில் செய்து 2010இல் வெளியான ஒரு சின்னச் சோதனையைச் சொல்வேன். பத்தே பேர். எல்லோருக்கும் குறைந்த கலோரி உணவு. பதினான்கு நாள் இரவில் எட்டரை மணி நேரம் படுக்கை, இன்னொரு பதினான்கு நாள் ஐந்தரை மணி நேரம் மட்டும். இரண்டு முறையும் எடை ஒரே மாதிரி மூன்று கிலோ போல இறங்கியது. மெஷினில் மட்டும் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. உள்ளே பிரித்துப் பார்த்தால், நன்றாகத் தூங்கிய காலத்தில் போன கொழுப்பு 1.4 கிலோ. தூக்கம் குறைந்தபோது 0.6. மீதி எல்லாம் தசையும் மற்றதும். பசியும் கூடியிருந்தது. வியாபாரி சரக்கை விற்காமல் கடையின் மேஜை நாற்காலியை விற்று லாபம் காட்டுவது போல. பேலன்ஸ் ஷீட்டில் பணம் வந்திருக்கும், அடுத்த வருடம் கடை இருக்காது. நான் கட்சிக்காரர்களிடம் வருடா வருடம் சொல்லும் எச்சரிக்கையை என் உடம்பே எனக்குச் சொன்னது மாதிரி இருந்தது.

ஏழு கலோரி எரிகிறது என்று சாயங்காலம் குடித்த காபி, ராத்திரித் தூக்கத்தில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு, மறுநாள் பசியைக் கூட்டிவிட்டுப் போகலாம். மதியம் இரண்டு மணியோடு கடையை மூடிவிட்டேன். மொத்த முயற்சியில் எனக்குப் பலன் கொடுத்த மாற்றங்களில் சீனிக்கு அடுத்த இடம் இதற்குத்தான்.

பட்டர் டீ, பட்டர் காபி பற்றியும் ஒரு வார்த்தை. மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் பேலியோ உணவுமுறை அலை அடித்தபோது எங்கள் தெருவில் பாதிப் பேர் அதைக் குடித்தார்கள். மாவுச்சத்தை அறவே விட்டவர்களின் கணக்கு வேறு, அதற்குள் நான் வரவில்லை. ஆனால் இட்லியும் சாப்பிட்டுவிட்டு, எடை குறையும் என்று வெண்ணெய்க் காபியும் குடித்தவர்களை எனக்குத் தெரியும். பதினைந்து கிராம் வெண்ணெய் நூறு கலோரிக்கு மேல்.

சாப்பாட்டோடு சேர்த்துக் குடிப்பதையும் நிறுத்தினோம். இது என்னைவிட என் மனைவிக்காக. அவளுக்கு ஹீமோகுளோபின் குறைவு. காபி, டீயில் இருக்கும் சமாச்சாரங்கள் சாப்பாட்டிலிருக்கும் இரும்புச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி விடச் சொல்கிறது ஊட்டச்சத்து நிறுவனம். ஏற்கெனவே குறைத்துச் சாப்பிடுகிற நேரத்தில் இருக்கிற இரும்பையும் விடக் கூடாது. கர்ப்பிணிகள், ரத்த அழுத்தம், படபடப்பு உள்ளவர்கள் தங்கள் டாக்டரிடம் கேட்டே அளவை வைத்துக்கொள்ளட்டும்.

இப்போது எட்டு மாதம். 82 கிலோ. காலையில் நடப்பதற்கு முன் வரக்காப்பி ஒன்று. பதினொரு மணிக்கு அலுவலகத்துக்குக் கீழே இருக்கும் கடையில் ஒரு காபி, "வித்தவுட்". முதல் ஒரு வாரம் மாஸ்டர் பழக்கத்தில் சீனியைப் போட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார். இப்போது நான் படியிறங்கும்போதே ஆற்ற ஆரம்பித்துவிடுகிறார். முதல் பத்து நாள் கஷாயம் மாதிரி இருந்தது நிஜம். அதற்குப் பிறகு, பாலிலேயே ஒரு இனிப்பு இருப்பது தெரிய வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் பத்து மணி வாக்கில் அம்மா கருப்பட்டிக் காப்பி போடுகிறாள், பால் ஊற்றி. குடித்துவிட்டு நோட்டை எடுத்தேன், போன வாரம். "கருப்பட்டிக் காப்பி 1, கலோரி 115."

"காப்பியக் குடிச்சிட்டு என்னத்தய்யா எழுதுத?"

"கணக்கும்மா."

"எழுது, எழுது" என்றாள். "இன்னொரு டம்ளர் கிடக்கு, அதையும் சேத்து எழுதிக்கோ."